குருகு எங்கே பார்த்துக்கொண்டிருந்தது?

குறுந்தொகையின் 25ஆம் பாடலைக் குறும்படமாக எடுக்கப்போகிறேன் என்று சொன்ன அன்று, என் எல்லாப் படங்களுக்கும் எடிட்டராக இருந்துவரும் நண்பர் (எல்லாப் படங்களும் என்றால் மூன்று) பாட்டை இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல கதை எங்க இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார். கபிலர் பாடிய அந்த ஐந்து அடிகள் இவை:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

அவன் என்னோடு கூடிய நாளில் அங்கே வேறு யாரும் இல்லை, கள்வனாகிய அவன் மட்டுமே இருந்தான். அவனே அதைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன். தினையின் தாளைப் போன்ற சிறிய பசிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகப் பார்த்து நின்ற குருகு, அதாவது கொக்கு, ஒன்றும் இருந்தது. இவ்வளவுதான் பாட்டு. திருமணத்தை அவன் தள்ளிக்கொண்டே போன காலத்தில் தலைவி தோழியிடம் சொன்னது என்று துறைக்குறிப்பு சொல்கிறது. உ.வே.சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பு வழியாகத்தான் என் தலைமுறை வாசகர்களில் பலர் இதற்கு வந்து சேர்ந்திருப்போம். நான் கல்லூரியில் மதிப்பெண்ணுக்காகப் படித்தேன். பத்து ஆண்டுகள் கழித்து, நெருங்கிய ஒரு தோழி ஒரு நள்ளிரவில் தொலைபேசியில் ஏறக்குறைய இதே வரிசையில் இதே சொற்களைச் சொல்லக் கேட்டபோதுதான் பாட்டு எனக்கு விளங்கியது.

எடிட்டரின் கேள்வி நியாயமானது. நடந்ததெல்லாம் பாட்டுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது, நடக்கப்போவது என்னவென்று பாட்டுக்குத் தெரியாது. ஆனால் காதல் கதைகளில் நான் அறிந்த மிகப் பெரிய திகில் இந்த ஐந்து அடிகளுக்குள் இருக்கிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கையையே முடிவு செய்யும் நிகழ்வு ஒன்று நடந்திருக்கிறது. அது நடந்தது என்று சொல்லக்கூடியவர்கள் இருவர். அவர்களில் ஒருவன் வாய் மாறினால் மற்றவளின் சொல்லுக்குத் துணை நிற்க உலகத்தில் ஒரு கொக்கைத் தவிர வேறெதுவும் இல்லை. அந்தக் கொக்கும் அவர்களைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தத் திகில் கபிலரின் தனிப்பட்ட கற்பனையில் மட்டும் பிறந்ததன்று என்பதற்குத் தொல்காப்பியமே சான்று. "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப" என்கிறது அதன் கற்பியல் பகுதி. ஊரறியாமல் களவில் கூடியவர்கள் பொய் சொல்லத் தொடங்கிய பிறகுதான் சடங்கோடு கூடிய திருமணம் என்ற ஏற்பாடே வந்தது என்பது அதன் பொருள். ஏமாற்றியவன் அகப்பட்டுக்கொண்ட கதையும் உண்டு. அகநானூற்றின் 256ஆம் பாடலில், கள்ளூரில் ஒருத்தியின் நலத்தைக் கவர்ந்தவன் "அறியேன்" என்று பொய்ச்சூள் உரைக்கிறான். அவையத்தார் அறிந்த சாட்சிகளை விசாரித்து, அவனை மரக்கிளையில் இறுகக் கட்டித் தலையில் நீற்றைக் கொட்டுகிறார்கள். அங்கே சாட்சிக்கு வரும் சொல் "கரி". கள்ளூர்ப் பெண்ணுக்குக் கரி கிடைத்தது, கபிலரின் பெண்ணுக்குக் குருகு கிடைத்தது.

இதை இன்றைய சென்னைக்குக் கொண்டுவருவது என்று முடிவெடுத்ததும், எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்ற கேள்வி வந்தது. தழுவல் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக "மூலத்தின் ஆன்மா" என்பார்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு ஷாட் கூட எடுக்க முடியாது. தொல்காப்பியம் எனக்கு அதைவிடப் பயன்பட்டது. நிலமும் பொழுதும் முதற்பொருள். பறவை, மரம், தொழில், உணவு முதலியவை கருப்பொருள். அந்த இருவருக்கு இடையில் நேர்வது உரிப்பொருள். இவற்றை வகுத்துவிட்டு, "உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே" என்று ஒரு நூற்பா வருகிறது. ஒரு திணையின் நிலமும் பறவையும் இன்னொரு திணையில் வரலாம் என்பதற்குச் சொன்ன விதி அது. நான் அதைக் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டு தழுவலுக்குச் சொன்ன விதியாகப் படித்தேன். மலை சென்னையாகலாம், சுனை சதுப்பு நிலமாகலாம், குருகு வேறெதுவாகவும் ஆகலாம். பாத்திரங்களுக்குப் பெயர் வைக்கும் தலைவலியும் அங்கேயே தீர்ந்தது. அகப்பாட்டில் "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்" என்பது விதி என்பதால், படத்தில் யாருக்கும் பெயர் இல்லை. அவள் அவனை "டேய்" என்கிறாள், அவன் அவளை "ஏய்" என்கிறான். இந்த வயதுக் காதலர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு என்பதைப் படப்பிடிப்புக்குப் பிறகுதான் கவனித்தேன்.

நிலத்தைத் தேர்ந்தெடுப்பதில் சிரமம் இருக்கவில்லை. துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் 200 அடிச் சாலை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஊடறுத்துச் செல்கிறது. 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்த நிலத்தின் ஓரத்தில் நின்றால், ஒரு பக்கம் கண்ணாடிக் கட்டடங்களும் இன்னொரு பக்கம் கோரையும் நீரும் கொக்குகளும் தெரியும். அந்த ஐ.டி. கட்டடங்களில் வேலை பார்க்கும் இருவர், வேறு போக்கிடம் இல்லாமல் மாலையில் சாலையோரத்தில் வந்து நின்று பேசுவது மிகச் சாதாரணமான காட்சி.

குருகுதான் சிக்கலாயிற்று. திரைக்கதையைக் கேட்ட ஏழு பேரில் ஐந்து பேர், "குருகுக்குப் பதிலா சி.சி.டி.வி. வெச்சிடுங்க, சூப்பரா இருக்கும்" என்றார்கள். முதல் வரைவில் நானும் அதைத்தான் எழுதியிருந்தேன், எழுதியபோது மிகுந்த புத்திசாலித்தனமாகவும் தோன்றியது. இரண்டு நாள் கழித்துப் படித்தபோது அது பாட்டையே கொன்றுவிடுகிறது என்று தெரிந்தது. சி.சி.டி.வி. அவர்களைத்தான் பார்க்கிறது, பார்த்ததைச் சேமிக்கிறது, கேட்டால் திருப்பிக் காட்டுகிறது. அது இருந்தால் பெண் அழ வேண்டிய தேவையே இல்லை. கேமரா பொருத்தியவரிடம் போய்ப் பதிவைக் கேட்டால் போதும், கதை துப்பறியும் கதையாகிவிடும். அடுத்து, அழிக்கப்பட்ட வாட்ஸ்அப் செய்தியை முயன்றேன். அதுவும் அவர்கள் இருவருக்கிடையே நடந்ததின் மிச்சம்தான், மூன்றாவது உயிர் ஆகாது. குருகு அங்கே நின்றது தன் வயிற்றுக்காக. இவர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அங்கேதான் நின்றிருக்கும். அந்த அலட்சியத்தை இயந்திரத்தில் கொண்டுவர முடியவில்லை.

வழக்கறிஞராக இருக்கும் ஒரு நண்பர் வேறு பக்கத்திலிருந்து மடக்கினார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவு, திருமணம் செய்துகொள்ளும் எண்ணமில்லாமலே அப்படி வாக்களித்துப் பெண்ணோடு உறவுகொள்வதைப் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது, இனி உங்கள் நாயகி "யான் எவன் செய்கோ" என்று கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றார். சட்டம் கபிலர் காலத்திலும் ஏதோ ஒரு வடிவில் இருந்திருக்கிறது, கள்ளூர் அவையமே அதற்குச் சான்று என்றேன். அவள் தண்டனை கேட்கவில்லை. "பொய்ப்பின்" என்றுதான் சொல்கிறாள், அவன் பொய்த்துவிட்டதாக அவள் இன்னும் சொல்லவில்லை. அந்த "இன்" என்ற ஒற்றை விகுதியில் அவள் அவன்மீது வைத்திருக்கும் நம்பிக்கை முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கிறது. நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு என்று வந்தால் அந்தக் கொக்கை ஒரு தரப்பும் கூப்பிடாது என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் குருகு கிடைத்த இடம் அந்தச் சாலையேதான். இடம் பார்க்கப் போயிருந்த ஒரு மாலையில், சதுப்பு நிலத்தின் ஓரம், வண்டியைப் பக்கத்தாங்கியில் சாய்த்துவிட்டு ஓர் உணவு டெலிவரிப் பையன் நின்றிருந்தான். கழுத்தைச் சற்று முன்னால் நீட்டி, கையிலிருந்த போனையே அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இருபதடி தள்ளி நீரில் ஒரு மடையான் அதே கோணத்தில் கழுத்தை நீட்டி நின்றிருந்தது. இருவரும் இரைக்குத்தான் காத்திருந்தார்கள். (மடையானுக்கு நம் ஊர்களில் குருட்டுக் கொக்கு என்றும் பெயர் உண்டு. மிக அருகில் போகும்வரை பறக்காமல் நிற்பதால் கண் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அதன் கால் மங்கிய பச்சையும் மஞ்சளும் கலந்தது. கபிலர் பார்த்தது இந்தப் பறவையைத்தான் என்று சாதிக்க நான் வரவில்லை; ஆனால் அந்த ஒரே சாட்சிக்கு ஊரார் குருடு என்று பெயர் வைத்திருப்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.)

இதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. அதை முன்பே யோசித்திருக்க வேண்டும். "யாரும் இல்லை" என்கிறாள் அவள். அந்த மாலையை நான் படமெடுத்துக் காட்டினால், அவன் அவள் கையைப் பிடித்து வாக்குக் கொடுப்பதை நெருக்கமான ஷாட்டில் வைத்தால், பார்வையாளர்கள் எல்லோரும் அங்கே இருந்துவிடுகிறார்கள். அறையில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது பேரும் கரி. பிறகு அவள் "யாரும் இல்லை" என்று சொல்லும்போது, "ஏன், நாங்க இருந்தோமே" என்ற ஆறுதல் அவர்களுக்கு வந்துவிடும். அவளுடைய தனிமை அந்த நொடியே பொய்யாகிவிடும். காட்டாமலே விட்டுவிடலாம் என்றால், இரண்டு பெண்கள் அறையில் உட்கார்ந்து பேசுவதை மட்டும் பதினான்கு நிமிடம் எடுக்க வேண்டும். அதற்கு வானொலி நாடகம் போதும். கேமரா என்ற ஒன்று வந்தாலே அது சாட்சியாகிவிடுகிறது என்பதால், பாட்டில் இல்லாத ஒரு சிக்கல் திரையில் முளைத்திருந்தது.

வழி காட்டியவர் தலைவியாக நடித்த பெண். ஒத்திகையில் பாட்டைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தி, "அண்ணா, கால் தினைத்தாள் மாதிரி இருந்துச்சுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? அவ அதைத்தான பாத்துட்டு இருந்திருக்கா?" என்று கேட்டார். ஆயிரக்கணக்கானோர் படித்த பாட்டு, நானும் நூறு முறையாவது படித்திருப்பேன், எனக்கு இது தோன்றவில்லை. தலைவனின் முகம் பாட்டில் இல்லை, அவன் சொன்ன சொல்கூட "அது" என்ற ஒரு சுட்டுக்குள் சுருங்கிவிட்டது. கொக்கின் காலும், காலின் நிறமும், நீர் ஓடியதும், மீனின் பெயரும்தான் முழுதாக இருக்கின்றன. அந்த நேரத்தில் அவள் கண் அவன்மீது இல்லை. வெட்கமா, அச்சமா, இன்பத்தின் நடுவில் மனம் எங்கோ ஒட்டிக்கொண்டதா, தெரியாது. கொக்கு மீனைப் பார்ப்பதில் தலைவனின் செயலை உள்ளுறையாக, அதாவது மறைபொருளாக, காண்பவர்கள் உண்டு, அது பொருந்தாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளுறைக்கு முன்னால் அது அவள் கண்ட காட்சி.

அப்படியானால் பார்வையாளர்களைச் சாட்சியாக்காமல் குருகாக்கிவிடலாம் என்று தோன்றியது. அவர்களும் அந்த மாலையில் அங்கே இருக்க வேண்டும், ஆனால் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனவே படம் டெலிவரிப் பையனின் கதைபோலத் தொடங்குகிறது. அவனுக்குக் காலையிலிருந்து ஆர்டர் சரியாக விழவில்லை, இன்னும் இரண்டு விழுந்தால் அன்றைய ஊக்கத்தொகை கிடைக்கும், நேரம் போய்க்கொண்டிருக்கிறது. சதுப்பு நிலத்தோரம் வந்து நிற்கிறான். 85 எம்.எம். லென்ஸில் அவன் கையும் போனும் மட்டும் ஃபோகஸில் இருக்கின்றன. பின்னால், கலங்கிய நிறத்திட்டுகளாக, ஓர் ஆணும் பெண்ணும். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி ஒரே ஷாட். அந்த ஷாட்டுக்குள்தான் தலைவன் வாக்குக் கொடுக்கிறான். அவன் குரல் சாலையின் இரைச்சலுக்கு அடியில், கேட்டும் கேட்காமலும் இருக்கிறது. பார்வையாளர்களின் கவலையெல்லாம் ஆர்டர் விழுமா என்பதில் இருக்க வேண்டும்.

இதை எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. பையனாக நடிக்க வந்த முதல் நடிகர் நல்ல நடிகர்தான், அதுதான் கெடுத்தது. பின்னால் முக்கியமான காட்சி ஓடுகிறது என்று தெரிந்ததால், பார்க்காமல் இருப்பதை அவர் நடித்தார். கண் போனில் இருந்தது, கவனம் முதுகில் இருந்தது. பதினோரு டேக் எடுத்துவிட்டு அன்றைக்குப் பேக்கப் சொன்னோம். மறு வாரம், உண்மையிலேயே அந்த வேலை செய்யும் ஒரு பையனிடம் பேசி, அவனுடைய ஒரு நாள் வருமானத்தைக் கொடுத்து அழைத்து வந்தோம். ஆப்பை அணைத்துவிடச் சொன்னேன். அணைத்ததும் அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் கண்ணாடியைப் பார்ப்பவன் முகமாக ஆகிவிட்டது. மறுபடி போட்டுக்கொள்ளச் சொன்னதும் கழுத்து தானாக நீண்டது. அவன் அணிந்திருந்த ரப்பர் செருப்பில் ஒரு கால் வார் நீலம், அறுந்து மாற்றிய இன்னொரு கால் வார் பச்சை. உடை பார்த்துக்கொண்ட தோழி புதுச் செருப்பு வாங்கிவரக் கிளம்பினார். நான் தடுத்துவிட்டேன். சிறுபசுங்கால் தானாக நடந்து வந்திருந்தது.

நான்காவது டேக்கில், தலைவன் பேசத் தொடங்கிய அதே இடத்தில், உண்மையாகவே ஆர்டர் விழுந்தது. பையன் ஒரு கணம்கூட எங்களைப் பார்க்கவில்லை. போனைப் பையில் போட்டு, வண்டியை உதைத்து, "வந்துடுறேன் சார், எடுக்கலன்னா ரேட்டிங் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான். நாற்பது நிமிடம் கழித்துத்தான் திரும்பி வந்தான். எடிட்டருக்கு அந்த டேக்கின்மீது இன்றுவரை தீராத ஆசை. ஒரே சாட்சியும் பாதியில் எழுந்து போய்விடுகிறானே, இதைவிட என்ன வேண்டும் என்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் பையன் போனதும் திரையில் பின்னால் இருக்கும் இருவரைத் தவிர வேறெதுவும் மிஞ்சுவதில்லை. பார்வையாளர்களின் கண் அவர்களிடம் போய்விடும், கட்டியதெல்லாம் இடிந்துவிடும். மூன்றாவது டேக்கைத்தான் வைத்தோம். அதில் எதுவும் விழவில்லை. அவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான். மடையானைத் தனியாக எடுத்து வைத்திருந்த அழகான ஷாட்டையும் வெட்டிவிட்டோம். கொக்கைத் திரையில் காட்டினால் "குறியீடு" என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

பிறகு பெண்கள் தங்கும் விடுதியறை, இரவு, தோழி. அங்கே அவள் பேசுவது முழுக்கப் பாட்டுதான், இன்றைய வாயில்: "அன்னிக்கு அங்க யாருமே இல்லடி. அவன் மட்டும்தான். இப்ப அவனே இல்லன்னு சொல்லிட்டா…" "யான் எவன் செய்கோ" என்பதை "நான் என்னடி பண்ணுவேன்" என்று எழுதியிருந்தேன். இலக்கணப்படி அது சரி. "செய்கு" தன்மை ஒருமை எதிர்காலம்தான். நடித்தவர் மூன்றாம் முறை சொல்லும்போது அவரையறியாமல் "நான் என்னடி பண்ணட்டும்" என்றார். "பண்ணுவேன்" என்பதில் புலம்பல் மட்டும் இருக்கிறது. "பண்ணட்டும்" என்பதில் எதிரே இருப்பவள் ஏதாவது சொல்ல வேண்டும் என்ற கேள்வியும் இருக்கிறது. தோழியாக நடித்தவர் பதில் சொல்ல வாயெடுத்து, வசனம் இல்லாததால் மூடிக்கொண்டார். அதை அப்படியே வைத்துவிட்டேன். சற்று நேரம் கழித்து, தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல, "ஒரு டெலிவரி பையன் நின்னுட்டு இருந்தான். செருப்புல ஒரு வார் பச்சை, ஒண்ணு நீலம். அவன் போனையே பாத்துட்டு இருந்தான்" என்கிறாள். படம் அங்கே முடிகிறது.

சிறிய அரங்கு ஒன்றில் முதல் திரையிடலுக்கு நாற்பது பேர் போல வந்திருந்தார்கள். கடைசி வசனம் வந்தபோது அரங்கில் ஒரு சலசலப்பு எழுந்தது. தாங்கள் எதையோ தவறவிட்டோம் என்று சிலருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருவர் எழுந்து, அந்த ஜோடி எந்தக் காட்சியில் வந்தது என்று கேட்டார். இன்னொருவர், தான் கவனித்ததாகவும், அவன் அவள் விரலில் மோதிரம் போட்டதைத் தெளிவாகப் பார்த்ததாகவும் உறுதியாகச் சொன்னார். படத்தில் மோதிரம் கிடையாது. அது காளிதாசன் கொடுத்தது. வியாச பாரதத்தில் சகுந்தலைக்கு மோதிரம் இல்லை, துஷ்யந்தன் மறுக்கும்போது அசரீரிதான் வந்து சாட்சி சொல்கிறது. காளிதாசன் மோதிரத்தைக் கொடுத்து, அதை மீன் விழுங்கச் செய்து, மீனவன் கையில் திரும்பக் கிடைக்கவும் செய்தான். கபிலரிடம் வானம் பேசவில்லை, மோதிரமும் இல்லை. மீன் மட்டும் இருக்கிறது, அதைக் குருகு பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பார்வையாளர் அவள்மீது இரக்கப்பட்டு மோதிரத்தைத் தாமே போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். நான் மறுத்துப் பேசவில்லை.

எல்லோரும் கிளம்பும் நேரத்தில், பின்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா என்னிடம் வந்து, "தம்பி, அந்தப் பையனுக்குக் கடைசியில ஆர்டர் கெடைச்சுதா?" என்று கேட்டார். ஆரல் பார்க்கும் என்றுதான் கபிலர் சொல்கிறார், குருகு அதைப் பிடித்ததா என்பது பாட்டில் இல்லை. எனக்குத் தெரியவில்லைம்மா என்றேன்.